யாருடைய ஆட்டம்? – பயிற்சியாளர் மாற்றமும் பார்வையாளர் நினைவும்

2019 நவம்பர் கடைசியில் காட்டுப்பள்ளித் துறைமுகச் சாலையில், ட்ரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்து டீக்கடையில், எனக்கும் ஒரு நண்பருக்கும் நடந்த சண்டையிலிருந்து இதைத் தொடங்கலாம். நண்பர் துறைமுகத்தில் லாஷிங் வேலை பார்ப்பவர். கப்பல்மேல் அடுக்கிய கண்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுவதும் அவிழ்ப்பதும்தான் அந்த வேலை. ஒப்பந்தத் தொழிலாளி. என்னைவிடப் பத்து வயது சின்னவர். சென்னையின் எஃப்சி தொடங்கிய 2014 முதல், மீஞ்சூரில் மின்ரயில் ஏறி நேரு ஸ்டேடியத்துக்கு நாங்கள் ஒன்றாகப் போய்வருவது வழக்கம்.

அன்றைக்குச் சண்டை ஜான் கிரிகரியைப் பற்றி. அந்த சீசனின் முதல் நான்கு ஆட்டங்களில் எங்கள் டீம் ஒரு கோல்கூடப் போடவில்லை. "இந்த ஆளு போனாத்தான் ஆட்டம் உருப்படும்" என்றேன். "ரெண்டு வருஷம் முன்ன கப்பு வாங்கிக் குடுத்தவரு அவரு. அப்ப இன்னாண்ணா சொன்ன நீ?" என்று கேட்டார். அப்போது நான் கிரிகரியைக் கொண்டாடினேன் என்பது உண்மை. பதில் சொல்ல முடியாத கோபத்தில், "நீ ஃபுட்பால் பாக்கல, கப்பைத்தான் பாக்குற" என்று எதையோ சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் முடியும்போது கிரிகரி விலகினார். டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார். ஆட்டம் தலைகீழாக மாறியது. நான் சொன்னதுதான் சரி என்று சில மாதங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அந்த நிமிர்வில் இருந்த தவறு பிற்பாடுதான் எனக்குப் பிடிபட்டது. அது ஒரு தனிமனிதனின் தவறு மட்டுமல்ல என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பழைய கோச்சின் ஆட்டத்தையும் புதிய கோச்சின் ஆட்டத்தையும் எடைபோடும் இந்தச் சொல்லாடல் எங்கள் பக்கத்துக்கு எப்போது வந்தது? எண்பதுகளில் என் தாய்மாமன் என்னைப் பெரம்பூர்ப் பக்கம் ஆட்டம் பார்க்கக் கூட்டிப் போவார். ஐசிஎஃப், தென்னக ரயில்வே, இந்தியன் வங்கி, சுங்கத்துறை, ஏஜி அலுவலகம், துறைமுகக் கழகம் என்று எல்லாமே ஆபீஸ் டீம்கள். ஆட்டக்காரனுக்குக் காலையில் கையெழுத்து, மதியம் பிராக்டிஸ், மாதச் சம்பளம், ஓய்வூதியம். மாமா பேசியதெல்லாம் ஆட்டக்காரர்களைப் பற்றித்தான். இடதுகால்காரன், தலைகொடுப்பவன், 'ரெண்டு பேரை உரிச்சிட்டுப் போவான்' இப்படி. கோச்சின் பெயர் அவர் வாயிலிருந்து வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. கோச் என்பவர் அந்த ஆபீசின் சீனியர் ஊழியர், முன்னாள் ஆட்டக்காரர். அவ்வளவுதான். அவருக்கென்று ஒரு 'ஸ்டைல்' உண்டு, டீம் முழுவதும் அந்த ஸ்டைலின் வெளிப்பாடு என்ற எண்ணம் எங்களிடம் இல்லை.

இங்கிலாந்திலும் ஆரம்பத்தில் அப்படித்தான். கிளப் கமிட்டிகளே டீமைத் தேர்ந்தெடுத்தன. 1925இல் ஆஃப்சைட் விதி மாறியதும், அதற்கேற்ப ஆட்டக்காரர்களை நிறுத்தும் முறையை ஆர்சனலில் ஹெர்பர்ட் சாப்மன் மாற்றியமைத்ததும்தான் 'மேனேஜர்' என்கிற தன்னிலையை உருவாக்கின. அதற்குப் பிறகு ஆட்டம் ஒரு பிரதியாகவும் மேனேஜர் அதன் ஆசிரியராகவும் வாசிக்கப்படலாயினர். ரோலான் பார்த் 1967இல் ஆசிரியரைக் கொன்றார். நம்முடைய சிறுபத்திரிகைகள் தொண்ணூறுகளில் மறுபடி ஒருமுறை கொன்று கருமாதியும் செய்தன. ஆனால் மைதானத்தில் ஆசிரியர் சாகவில்லை. டச்லைனில் நின்று கத்திக்கொண்டிருக்கிறார். கதை, கவிதையில் ஆசிரியரை ஒழித்துக்கட்டிய நாங்களே சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டேடியத்தில் உட்கார்ந்து, அத்தனையையும் அவர் ஒருவர் தலையில் ஏற்றினோம்.

2014இல் ஐஎஸ்எல் வந்தபோது வடசென்னை, மீஞ்சூர்ப் பார்வையாளர்களுக்கு முதன்முதலாக ஓர் ஆசிரியர் கிடைத்தார். மார்கோ மட்டராஸி. 2006 உலகக் கோப்பை இறுதியில் ஸிடான் முட்டிய நெஞ்சுக்குச் சொந்தக்காரர். கோச்சும் அவரே, டிஃபெண்டரும் அவரே. அந்த முதல் வருஷம் பிரேசில்காரர் எலானோ 8 கோல் அடித்தார். லீக் பட்டியலில் முதலிடம். அரையிறுதியில் கேரளாவிடம் தோற்றோம். 2015இல் பாதி சீசன்வரை கடைசியில் கிடந்து, பிறகு எழுந்து வந்து கோப்பையைத் தூக்கினோம். கொலம்பியாவின் மெண்டோசா 13 கோல்.

அந்த 2015 டிசம்பரை எங்கள் பக்கத்தில் யாரும் கோப்பையால் மட்டும் நினைவு வைத்திருக்க முடியாது. கொசஸ்தலையில் தண்ணீர் கரை புரண்ட நாட்கள் அவை. வெள்ளத்தால் எங்கள் அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். 'ஹோம் மேட்ச்' புனேவில் நடந்தது. வீட்டுக்குள் வந்த சேற்றை வாரிக் கொட்டிவிட்டு, நண்பரின் செல்போனில் நாங்கள் அந்த 3-0ஐப் பார்த்தோம். டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதி ஆட்டம். 90ஆவது நிமிஷம்வரை பின்தங்கி இருந்து 3-2 என்று ஜெயித்தது. இன்றைக்கும் 'மட்டராஸி ஆட்டம்' என்றால் 'விடாம அடிச்சி ஆடுறது' என்றுதான் எங்கள் பக்கத்தில் பொருள். உண்மையில் அது ஒரு கோச்சின் தத்துவமா, தண்ணீர் வடியாத ஓர் ஊர் தனக்கு வேண்டிய அர்த்தத்தை அந்த ஆட்டத்தின்மேல் ஏற்றிக்கொண்டதா? 2016இல் அதே மட்டராஸி, அதே கத்தல்; எட்டு டீமில் ஏழாவது இடம். அந்த வருஷத்தை நினைவு கழித்துவிட்டது.

2017இல் வந்தவர் கிரிகரி. ஆஸ்டன் வில்லாவை 2000இல் எஃப்ஏ கோப்பை இறுதிக்குக் கொண்டுபோனவர். வந்த உடனேயே மட்டராஸியோடு ஒப்பீடு தொடங்கியது. 'இறுக்கிப் பூட்டிட்டு ஆடுறாரு', 'ஒரு கோலடிச்சிட்டுக் கதவ சாத்துறாரு'. இந்த ஒப்பீட்டில் யாருமே பேசாத ஒரு விஷயம் உண்டு. மட்டராஸி காலத்தில் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டுக்காரர்கள் களத்தில் இருக்கலாம். 2017இல் அது ஐந்தாகக் குறைந்தது. எட்டு டீம் பத்தானது. லீக் சுற்றில் 14 ஆட்டம் 18 ஆனது. அக்டோபர் முதல் டிசம்பர்வரை நடந்த திருவிழா, மார்ச்வரை இழுக்கும் தொடர் ஆனது. இரண்டரை மாதம் எலானோவையும் மெண்டோசாவையும் வைத்து அடித்து ஆடலாம். நான்கு மாதம், ஆறு இந்திய ஆட்டக்காரர்களோடு, ஊர் ஊராகப் பறந்து ஆடும்போது வேறு கணக்கு வேண்டும். விதியை மாற்றியவர்கள் வேறு இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு கிரிகரிக்கு விழுந்தது.

அந்த கிரிகரியின் டீம்தான் 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில், பெங்களூரு டீமையே இறுதியில் 3-2 என்று வீழ்த்தியது. லீக் சுற்றில் நம்மைவிட எட்டுப் புள்ளி அதிகம் எடுத்த டீம் அது. பந்தைக் கையில் வைத்து ஆடும், பார்க்க அழகான டீம். சுனில் சேத்ரி ஆரம்பத்திலேயே அடித்துவிட்டார். பிறகு மெய்ல்சன் ஆல்வெஸ் கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் இரண்டு முறை உள்ளே தள்ளினார். மூன்றாவதை ரஃபேல் அகஸ்டோ அடித்தார். அதற்கு முன் அரையிறுதியில் கோவாவை 3-0 என்று முடித்தபோது, ஒரு கோல் வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ் போட்டது. அன்றைக்கு ரயிலில் ஆடாத ஆள் இல்லை.

நான் மேலே சொன்ன சண்டையில் நண்பர் கிரிகரிக்காகப் பேசியதற்கு வெறும் நன்றியுணர்ச்சி காரணமல்ல. அதை விளங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. அவர் ஆடிப் பழகியது கடலோர மணலில், செவன்ஸ் ஆட்டம். வெறுங்கால். எங்கள் பக்கத்து செவன்ஸில் ஆஃப்சைட் பார்ப்பதில்லை. மணலில் தரையோடு தள்ளிய பந்து நாலடி போய்ச் செத்துவிடும். பந்தைத் தூக்கித்தான் கொடுக்கவேண்டும். எகிறித் தலைகொடுக்கத் தெரிந்தவனுக்குத்தான் அங்கே மதிப்பு. "பாஸ் பாஸுன்றியே, மண்ணுல போட்டுப் பாருண்ணா, பந்து ஓடுதான்னு" என்றார் ஒருமுறை. நானோ பள்ளிக்கூட மைதானத்திலும் பிறகு டிவியில் ஐரோப்பிய ஆட்டங்களிலும் பழகியவன். தரையோடு ஓடும் சின்னச் சின்ன பாஸ்தான் 'நல்ல' ஆட்டம், தூக்கி அடிப்பது 'மட்டமான' ஆட்டம் என்கிற இருமை எதிர்வு எனக்குள் எந்த விசாரணையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. புல்தரை யாருக்குக் கிடைத்தது என்கிற கேள்வி அந்த ரசனைக்குள் புதைந்து கிடப்பதை நான் பார்க்கவில்லை. கட்டுரைகளில் ரசனையின் வர்க்கத்தன்மை பற்றி நாலு பத்தி எழுதுகிற ஆள் நான். என்ன செய்ய?

2018-19 சீசனில் நாங்கள் கடைசி. 18 ஆட்டத்தில் 9 புள்ளி. தனபால் கணேஷ் காயத்தால் பெரும்பகுதி ஆடவில்லை. முந்தின சீசனில் கோல்களைக் குவித்த ஜெஜே வறண்டுபோனார். அதே சமயத்தில், பெயரில் சென்னையை வைத்துக்கொண்டு கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி டீம் ஐ-லீக் கோப்பையை வென்றது. சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் கோச். பெட்ரோ மான்ஸி உள்ளிட்ட ஸ்பெயின்காரர்கள், பந்தை வைத்திருந்து ஆடும் முறை. அதற்கு முந்தைய சீசனில் அந்த டீமை நடத்தியவர் நம்மூர் சௌந்தரராஜன். குறைந்த வசதியில் டீமைக் கீழே விழாமல் காப்பாற்றியவர். கோப்பை வந்தபிறகு அவருடைய சீசன் 'முன்னால் இருந்தது' என்றாகிவிட்டது. முந்தையவர் என்பவர் தானாக இருப்பதில்லை, அடுத்தவரின் வெற்றியிலிருந்து பின்னோக்கிக் கட்டமைக்கப்படுகிறார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இனி கோய்லுக்கு வருவோம். 2019 தீபாவளிக்கு 'பிகில்' படம் வந்திருந்தது. காயம்பட்ட கோச்சின் இடத்துக்கு வடசென்னையிலிருந்து ஒருவன் வருகிறான். டீம் அவனை ஏற்க மறுக்கிறது. பிறகு அவனே எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறான். அந்தக் கதையாடல் தலைக்குள் சூடாக இருக்கும்போதே இங்கே நிஜமாகவே கோச் மாறினார். நாங்கள் அதைப் படம் பார்ப்பதுபோலவே பார்த்தோம் என்று சொன்னால் மிகையில்லை.

கிரிகரி அந்த சீசனில் 6 ஆட்டத்தில் 5 புள்ளி. கோய்ல் மீதி 12 ஆட்டத்தில் 24 புள்ளி. வால்ஸ்கிஸ் மொத்தம் 15 கோல். கிரிவெல்லாரோ பந்தைத் தொட்டாலே ஸ்டேடியம் எழுந்து நின்றது. சாங்தே பக்கவாட்டில் ஓடினார். அரையிறுதியில் கோவாவை இங்கே 4-1, அங்கே 2-4, கூட்டினால் 6-5. அப்படியொரு அரையிறுதியை நான் பார்த்ததில்லை. பீ-ஸ்டாண்ட் ப்ளூஸ் பக்கத்திலிருந்து எழும்பிய சத்தம் சென்ட்ரல் ஸ்டேஷன்வரை கேட்டிருக்கும். 'இதாண்டா ஃபுட்பால்' என்று நான் நண்பருக்கு மெசேஜ் அனுப்பினேன். அவர் நைட் ஷிப்டில் இருந்தார். பதில் வரவில்லை.

என் தவறு இங்கேதான். வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, ஷெம்ப்ரி, சாங்தே, சென்னை சிட்டியின் கோப்பை டீமிலிருந்து வந்த எட்வின் சிட்னி வான்ஸ்பால் – இத்தனை பேரும் 2019 கோடையில், கிரிகரி கோச்சாக இருந்தபோதே, டீமுக்கு வந்தவர்கள். கோய்லின் ஆட்டம் என்று நான் கொண்டாடியதை ஆடியவர்கள் கிரிகரியின் ஆட்டக்காரர்கள். முதல் நான்கு ஆட்டத்தில் கோலே போடாதவர்களும் அவர்கள்தான், பிறகு அடித்துக் குவித்தவர்களும் அவர்கள்தான். கோய்ல் எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. முன்னால் போய்ப் பந்தைப் பிடுங்கச் சொன்னார், கிரிவெல்லாரோவுக்கு அலைய இடம் கொடுத்தார், பயத்தைக் கழற்றினார். அது வேலைதான், பெரிய வேலை. ஆனால் 'கிரிகரி ஆட்டம்', 'கோய்ல் ஆட்டம்' என்று நடுவில் நாம் போட்ட கோட்டின் இரண்டு பக்கமும் அதே கால்கள்தான் ஓடின. அவர்கள் ஒருவரையொருவர் பழகிக்கொள்ள எடுத்துக்கொண்ட முதல் ஆறு ஆட்டங்களை நாம் ஒருவரின் தோல்வியாகவும், பழகிமுடித்த அடுத்த பன்னிரண்டை இன்னொருவரின் மேதைமையாகவும் வாசித்தோம்.

கோய்லின் பழைய கதையும் இதையே சொல்கிறது. பர்ன்லியை 2009இல் பிரீமியர் லீக்குக்கு ஏற்றியவர். 2010 ஜனவரியில் போல்ட்டனுக்குப் போனார். போல்ட்டன் ஒரு பருத்தி மில் ஊர். பின்னி மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே அவருக்கு முன்னால் இருந்தவர் கேரி மெக்சன். ரசிகர்களுக்கு அவர் ஆட்டமே பிடிக்காது. கோய்ல் முன்பு அதே போல்ட்டனுக்கு ஆடிய ஸ்ட்ரைக்கர். தரையோடு பாஸ் ஆடவைத்தார். ஊரே அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. 2011 எஃப்ஏ கோப்பை அரையிறுதியில் நீண்ட பந்துக்கும் நீண்ட த்ரோவுக்கும் பேர்போன ஸ்டோக் டீமிடம் 0-5 என்று தோற்றது போல்ட்டன். 2012இல் பிரீமியர் லீக்கிலிருந்தே இறங்கியது. அந்த அக்டோபரில் கோய்லும் போனார். அழகாக ஆடவைத்தவர் இறக்கிவிட்டார், அசிங்கமாக ஆடவைத்தவர் காப்பாற்றி வைத்திருந்தார் என்று சுலபமாக முடித்துவிடலாம். கோபம் வந்த ரசிகர்கள் அப்படித்தான் முடிப்பார்கள். நானும் அந்த வகையறாதான்.

ஆட்டமுறை பற்றிய சண்டை அரசியல் சண்டையாகவே நடந்த இடம் அர்ஜென்டினா. 1978இல் மெனோட்டியின் டீம் கோப்பை வாங்கியது. 1986இல் பிலார்தோவின் டீம். இடதுசாரிக் கால்பந்து, வலதுசாரிக் கால்பந்து என்று பிரித்துப் பேசியவர் மெனோட்டி. ஏழைகளின் குதூகலம், தெருவின் விளையாட்டு அவருடைய பக்கம். கணக்கு, தந்திரம், எப்படியாவது ஜெயிப்பது எதிர்ப்பக்கம். நம்மில் பலருக்கு உடனே மெனோட்டியைப் பிடித்துப்போகும். ஆனால் இடதுசாரி மெனோட்டி கோப்பை வாங்கியது விதேலாவின் ராணுவ ஆட்சியில். இறுதி ஆட்டம் நடந்த ஸ்டேடியத்திலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் கடற்படையின் சித்திரவதைக் கூடம் இருந்தது. பிலார்தோ கோப்பை வாங்கியது ஜனநாயகம் திரும்பிய பிறகு. தெருவிலிருந்து வந்த மரடோனாவை 1978 டீமில் சேர்க்காமல் விட்டவர் மெனோட்டி; அவரைக் கேப்டனாக்கியவர் பிலார்தோ. ஆட்டமுறைக்குள் ஓர் அரசியல் சாராம்சம் ஒளிந்திருக்கிறது, அதைத் தோண்டி எடுத்தால் போதும் என்று நம்புவோருக்கு இது சங்கடமான வரலாறு. கிராம்ஷி 1918இல் 'அவந்தி' பத்திரிகையில் கால்பந்தையும் ஸ்கோபோனே என்ற சீட்டாட்டத்தையும் ஒப்பிட்டுச் சின்னதாக ஒரு குறிப்பு எழுதினார். அவர் பார்த்தது எந்தச் சமூகத்தில் எந்த விளையாட்டு என்பதை. எந்த கோச் என்று அவர் கேட்கவில்லை.

2020 மார்ச் 14. கோவாவில் இறுதி ஆட்டம். கொரோனாவால் காலி ஸ்டேடியம். ஏடிகே டீமிடம் 1-3. நானும் நண்பரும் அவர் வீட்டில் டிவியில் பார்த்தோம். அதற்குள் சமாதானம் ஆகியிருந்தோம். ஹபாஸின் ஏடிகே காத்திருந்து, நாம் திறந்துவிட்ட இடத்தில் புகுந்து அடித்தது. நண்பர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ரெண்டு வருஷம் முன்பு பெங்களூருவுக்கு நாம் செய்ததை இப்போது நமக்குச் செய்கிறார்கள் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிஸும் பின்னாலேயே போனார். 2022இல் அந்த டீம் லீக் ஷீல்டை வாங்கியது. இங்கே சாபா லாஸ்லோ வந்தார். 2020-21 சீசன் முழுக்க கோவாவில் பூட்டிய ஸ்டேடியங்களில். 20 ஆட்டத்தில் 11 டிரா. மொத்தம் 17 கோல். லாஸ்லோவை நாங்கள் யாருமே நேரில் பார்க்கவில்லை. அவருடைய ஒரு ஆட்டத்துக்குக்கூட எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரும் ரயிலேறவில்லை. ஆனாலும் அவர்மேல் விழுந்த தீர்ப்பு கடுமையானது. கோய்லின் அந்தப் பன்னிரண்டு ஆட்டம் எங்கள் கண்ணில் நின்றதே காரணம். கிரிவெல்லாரோ காயத்தால் உட்கார்ந்ததையும், கோலடிக்கிறவர் வேறு டீமுக்குப் போனதையும் கணக்கில் எடுத்தவர்கள் குறைவு. அடுத்து பாண்டோவிச், கோவாவிடம் 0-5 தோல்விக்குப் பிறகு 2022 பிப்ரவரியில் நீக்கப்பட்டார். அடுத்து 2022-23இல் பிர்தாரிச். அடித்ததும் முப்பதுக்கு மேல், வாங்கியதும் முப்பதுக்கு மேல். மூன்று கோச், மூன்று விதமான ஆட்டம், மூன்று முறையும் எட்டாவது இடம்.

இதில் ஒரு பெயர் விட்டுப்போயிற்று, வழக்கம்போல. பாண்டோவிச்சுக்கும் பிர்தாரிச்சுக்கும் நடுவே அந்த சீசனின் மீதி ஆட்டங்களை நடத்தியவர் சையத் சபீர் பாஷா. இந்தியன் வங்கிக்கும் இந்தியாவுக்கும் ஆடியவர், சென்னைக்காரர். 'இடைக்கால' கோச். அவருடைய ஆட்டமுறை என்ன என்று யாரும் விவாதித்ததாக எனக்குத் தெரியாது. நானும் விவாதிக்கவில்லை. ஆசிரியர் என்கிற பட்டம் யாருக்குத் தரப்படுகிறது, யாருக்குத் தரப்படுவதில்லை என்பதில் ஒரு நிறப்பிரிவு இருக்கிறது. வெளிநாட்டு கோச்சுக்கு 'பிலாசஃபி', உள்ளூர்க்காரருக்கு 'அட்ஜஸ்ட்மெண்ட்'.

2023இல் கோய்லே திரும்பி வந்தார். இப்போது ரசிகர்களுக்கு வினோதமான சிக்கல். ஒப்பிட வேண்டிய முந்தையவர் பிர்தாரிச் அல்ல, 2020இன் கோய்ல். முதல் வருஷம் ஆறாவது இடம், பிளே-ஆஃபில் கோவாவிடம் 1-2. 'பழைய கோய்ல் இல்ல' என்றார்கள். அடுத்த வருஷம் 13 டீமில் 11ஆவது. 'இது கோய்லே இல்ல' என்றார்கள். நண்பர் சிரித்தார். "அப்ப அவரு ஆட்டம்னா, இப்ப எங்க போச்சுண்ணா அது?"

அந்தக் கேள்வி அவருக்கு வந்த வழியையும் சொல்லவேண்டும். காட்டுப்பள்ளி ஒருபக்கம் கடலும் மறுபக்கம் பக்கிங்ஹாம் கால்வாயும் கொசஸ்தலைக் கழிமுகமுமாக நடுவில் நீளும் மணல்திட்டு. 2010இல் கடல்நீர்க் குடிநீர் ஆலை வந்தது. எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தபோது குப்பம் இடம்பெயர்க்கப்பட்டது. 2018இல் துறைமுகம் அதானி கைக்குப் போனது. பிறகு அதை சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டம்; பழவேற்காடுவரையிலான மீனவர்களின் எதிர்ப்பு. நண்பர் செவன்ஸ் ஆடிய மணல் இப்போது வேலிக்கு அந்தப் பக்கம். அந்த வேலிக்குள் அடையாள அட்டையைக் காட்டித்தான் அவர் வேலைக்குப் போகிறார்.

அவர் வேலை பார்க்கும் ஒப்பந்தக்காரர்கள் இதற்குள் மூன்று முறை மாறிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் அங்கே இதே பேச்சு: பழைய சூப்பர்வைசர் நல்லவரா, புதியவர் நல்லவரா? பழையவர் திட்டுவார், ஆனால் டீக்கு விடுவார். புதியவர் சிரிப்பார், ஆனால் வாட்ச்சைப் பார்ப்பார். "யாரு வந்தாலும் கம்பிய இறுக்குறது நாங்க நாலு பேருதாண்ணா. கப்பல் சீக்கிரம் கெளம்புனா, புது சாரு சூப்பருன்றாங்க" என்றார். இந்த உவமையை நான் உண்டாக்கவில்லை. அதை ரொம்ப இழுக்கவும் கூடாது. கிரிவெல்லாரோவின் சம்பளமும் லாஷிங் கூலியும் ஒன்றல்ல. ஆனால் கிரிகரியின் ஆட்டக்காரர்கள்தான் கோய்லின் ஆட்டத்தை ஆடினார்கள் என்பதை நான் ஆதாரங்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவருக்கு அது 2019 டீக்கடையிலேயே தெரிந்திருந்தது.

2025இல் கோய்ல் போனார். கோவாவைச் சேர்ந்த கிளிஃபர்ட் மிராண்டா வந்தார். இந்தியாவுக்கு ஆடியவர், 2023இல் ஒடிசா டீமுக்கு இடைக்கால கோச்சாக இருந்து சூப்பர் கப் வாங்கிக் கொடுத்தவர். இடைக்காலம் என்ற அடைமொழி இல்லாமல் ஓர் இந்தியரை இந்த டீம் கோச்சாக எடுத்தது அதுவே முதல் முறை. அதே ஆகஸ்டில், லீக்கை நடத்தும் உரிமை ஒப்பந்தம் இழுபறியானதால், டீம் தன் வேலைகளை நிறுத்திவைத்தது. செப்டம்பரில் தொடங்க வேண்டிய லீக் தொடங்கவில்லை. அந்த செப்டம்பரில் மீஞ்சூரிலிருந்து கிளம்பும் மின்ரயிலில் இரண்டு இளைஞர்கள், மிராண்டாவின் ஆட்டம் கோய்ல் ஆட்டம் மாதிரி வராது என்று அத்திப்பட்டிலிருந்து கொருக்குப்பேட்டைவரை விடாமல் வாதாடினார்கள். மிராண்டாவின் டீம் அதுவரை ஒரு ஆட்டமும் ஆடியிருக்கவில்லை. நண்பர் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தார். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர், நான் எழுப்பவில்லை.